நாலாம் நம்பர் பொத்தான்

ஜூன் 9, திங்கள்

குடோன் படியில் சறுக்கி விழுந்து வலது கணுக்காலில் எலும்பு விரிசல். சனிக்கிழமை மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாதாம். சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு செல்லூர்ச் சந்துகளில் கூவி விற்ற நாளிலிருந்து, கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடை வைத்திருக்கும் இன்று வரை, சாயங்காலம் நான் வீட்டில் இருந்ததே இல்லை. கடையை மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. பக்கெட் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன்.

வீடு என்றால் மலர்விழியின் வீடு, வில்லாபுரத்தில். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நான் நிமிர்ந்தபோது வயது நாற்பத்தேழு. மலர் என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரி. அவள் வீட்டுக்காரர் இளங்கோ இறந்து இரண்டரை வருஷம். அவளுக்கும் துணை வேண்டும், எனக்கும் வேண்டும். சுற்றி வளைக்காமல் பேசி முடித்தோம். எட்டு மாதம் ஆகிறது. மகள் சுபிக்‌ஷா காலேஜில் இரண்டாம் வருஷம். இந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாள். இரண்டு சூட்கேஸோடு நான் இங்கே வந்தேன்.

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா இல்லை, அங்கிள் இல்லை, சார்கூட இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அம்மா, தோசை ஆறுதுன்னு சொல்லு" என்பாள். அவள் போனில் என் நம்பரை 'பக்கெட் கடை' என்று பதிந்து வைத்திருக்கிறாளாம். மலர் சொல்லிச் சிரித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஏழரைக்கு டிவி போட்டார்கள். 'வாழைத்தோட்டத்து வீடு' என்று ஒரு சீரியல், ஏழு வருஷமாக ஓடுகிறதாம். டிவி பக்கத்தில் கையகலப் பெட்டி ஒன்று, அதற்கென்று தனியாக ஒரு குட்டி ரிமோட். சுபிக்‌ஷா அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அமுக்கினாள். பெட்டியில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தது. கேபிள் சமாசாரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

இந்தப் பெண்ணை நான் சாதாரணமாக நினைத்துவிட்டேன்.

சீரியலில் மாணிக்கவாசகம் என்று ஒரு அப்பா. ஊஞ்சலில் உட்கார்ந்துதான் எல்லா முடிவும் எடுப்பார். ராஜகோபி என்ற நடிகர். இந்தப் பெண் அவருக்காகவே 'வாசகம் அப்பா வீட்டு ஆளுங்க' என்று போனில் ஒரு குழு நடத்துகிறாள். அவளோடு கடல் தாண்டி ஜொகூரில் ஒரு நர்ஸ், தூத்துக்குடியில் ஒரு தையல்காரம்மா, மூன்று பேர் நிர்வாகம். ஆள் பதினோராயிரம்! என் கடைக்கு ஒரு வருஷத்தில் அத்தனை பேர் படியேறுவதில்லை.

இன்றைக்கு நடந்தது. வாசகம் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுகிறார். சுபிக்‌ஷா எழுந்து டிவி கிட்டே போனாள்.

"அம்மா, வாட்ச் வலது கையில இருக்கு பாரு. சட்டைப் பட்டனும் பொம்பளை சட்டை மாதிரி மாறி இருக்கு. பழைய சீனைக் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டுட்டாங்கம்மா. அவரு ஷூட்டிங்குக்கே வரல. சீரியலை விட்டுப் போறாரு."

"உனக்கு எல்லாம் சந்தேகம்தான்டி."

இரண்டு மணி நேரத்தில் செய்தி வந்துவிட்டது. ராஜகோபி வேறு சேனலுக்குப் போகிறார். குடத்தின் அடியில் தட்டிப் பார்த்து, எந்தச் சரக்கில் வார்த்தது என்று சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. அதே கண் இது. பாராட்ட வாய் வந்தது. ஆனால் யாரிடம், என்ன சொல்லி ஆரம்பிப்பது?

ஜூன் 13, வெள்ளி

தப்பு செய்துவிட்டேன்.

மத்தியானம் தனியாக இருந்தேன். கிரிக்கெட் போட்டேன். அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்று, எதையோ அமுக்கச் சொல்வதுபோல் எரிந்தது. குட்டி ரிமோட்டை எடுத்து ஒன்றை அமுக்கினேன். நிஜத்தைச் சொல்கிறேன், ஆள் மூன்று, விளக்கும் மூன்று, வீட்டு ஆம்பளை ஒன்றாம் நம்பராக இருக்கும் என்ற நினைப்பில்தான். மினுக்குவது நின்றது. திருப்தியாகச் சாய்ந்துகொண்டேன்.

நாலு மணிக்கு சுபிக்‌ஷா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அது உங்க நம்பர் இல்ல."

எட்டு மாதத்தில் என் முகத்தைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. ரிமோட்டைப் பிடுங்கி ஒன்றை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மலர் கடையிலிருந்து வந்ததும் கேட்டேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"வெளிய சொல்லக் கூடாதுங்க. எந்த வீட்ல யாரு என்ன பாக்குறாங்கன்னு கணக்கெடுக்குற பெட்டி அது. ஊருக்குப் பத்து வீட்லதான் வைப்பாங்களாம். அதை வச்சுத்தான் எந்த சீரியல் ஓடும், எது நிக்கும்னு முடிவாகுமாம். பாக்குற ஆளு அவங்கவங்க நம்பரை அமுக்கணும். நான் ரெண்டு, அவ மூணு."

"ஒண்ணு?"

"அவ அப்பா."

"அவர் போய் ரெண்டரை வருஷம் ஆச்சே."

"கம்பெனில சொல்லலீங்க. தினம் ஏழரைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாப்பாங்க. அவரு போன பதினேழாம் நாள் டிவி போட்டா. ஒண்ணை அமுக்குனா. நான் என்னன்னு சொல்றது? விட்டுட்டேன்."

ஜூன் 14, சனி

அப்படியானால் இரண்டரை வருஷமாக இறந்துபோன மனுஷர் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதை நம்பி எங்கோ விளம்பரம் போடுகிறார்கள். எடைக்கல்லில் ஈயம் வைத்தவனை நான் கடையை விட்டே துரத்தியிருக்கிறேன். இதில் மட்டும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்கவும் இல்லை.

நேற்றிலிருந்து சுபிக்‌ஷா எனக்குப் பின்னால் நின்றுதான் டிவி பார்க்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

குழுவில் போர் அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை புது நடிகர் வருகிறார், கிருபாகரன் என்று பெயர். 'எங்க அப்பாவை மாத்தினா நாங்க டிவியை அணைப்போம்.' ஒரு வாரம் ஏழரை முதல் எட்டு வரை பதினோராயிரம் வீட்டிலும் டிவி கிடையாது. சேனலுக்குத் தபால் கார்டு வேறு. தையல்காரம்மா ஒருத்தியே தன் கையால் முந்நூறு எழுதியிருக்கிறாள், பூத்தையல் போட்டதுபோல் கையெழுத்து. சம்பளம் கொடுத்தாலும் இப்படி வேலை வாங்க முடியாது. இவர்களுக்கு யார் கொடுத்தது?

சுபிக்‌ஷா குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

"அத்தனை பேரும் அணைச்சா சேனலுக்குத் தெரியுமா?"

அம்மாவைப் பார்த்தாள். மலர் அடுப்படியில். வேறு வழியில்லாமல் என்னிடமே சொன்னாள்.

"தெரியாது."

"நீ அணைச்சா?"

"தெரியும்."

"குழுவில இருக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

"சொல்ல முடியாதுல்ல." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த அக்கா முந்நூறு கார்டு எழுதியிருக்காங்க. நான் ஒரு பட்டனை அமுக்கப் போறேன். எனக்கே கேவலமாத்தான் இருக்கு."

பதினெட்டு வயதில் இந்த நியாயம். நான் அந்த வயதில் கீறல் விழுந்த குடத்தைத் திருப்பி வைத்து விற்றவன்.

ஜூன் 23, திங்கள்

ஏழரை மணி. டிவி அணைந்து கிடந்தது. மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதில் எங்கள் மூன்று பேரும் தெரிந்தோம்.

மலர் கொத்தவரங்காய் ஆய்ந்தாள். ஏழு நாற்பதுக்கு சுபிக்‌ஷா போனில் காதுமாட்டியை மாட்டிக்கொண்டு எதையோ பார்த்தாள்.

"போராட்டம்னியே?" என்றாள் மலர்.

"குறை கண்டுபிடிக்கப் பாக்குறேம்மா."

ஜூன் 25, புதன்

டிவி போட்டாள். "அஞ்சு நிமிஷம். கிழிச்சு எழுதணும்னா பெருசாப் பாக்கணும்" என்று சுவரிடம் சொன்னாள். இரண்டு, மூன்று, கடைசியில் ஒன்று. அமுக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை. நான் காலண்டரைப் பார்த்தேன்.

தலைப்பு ஓடி முடிந்ததும் திரையில் பெரிய எழுத்து, மூன்று நாளாகப் போடுகிறார்களாம்: 'இவருக்குப் பதில் இவர்.' அவ்வளவுதான். மனைவி, மகன், மருமகள், பால்காரர் வரை ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேறு ஒருத்தியும் சிரித்தாள். உடனே அடக்கிக்கொண்டாள்.

கிருபாகரன் ஒல்லியான மனுஷர். பழையவர் செய்வது எதையும் செய்யவில்லை. துண்டால் கண்ணாடி துடைக்கவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை. மகனுக்குப் புத்தி சொல்லும் பெரிய காட்சி வந்தது. ஊஞ்சல் காலியாக இருக்கிறது. நடந்து வந்தார். மருமகள் காபியோடு வர வழிவிட்டு, ஊஞ்சலை ஒரு கையால் ஓரமாகப் பிடித்துக்கொண்டார். அவள் போனதும் மெதுவாக, ஆடாமல் விட்டார். பிறகு தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பேசினார்.

"உக்காரல," என்றாள் சுபிக்‌ஷா.

"ஊஞ்சல்ல உக்காரல," என்றேன் நானும்.

ஒருவர் நடத்திய கடையை எடுத்து நடத்துகிறவன் செய்ய வேண்டிய முதல் காரியம் அது. பழைய பெயர்ப்பலகையை வந்த அன்றே கழற்றுகிறவன் வாடிக்கையை இழப்பான். அந்த மனுஷருக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ. நல்ல வேலைக்காரர்.

ஐந்து நிமிஷம் முப்பது நிமிஷம் ஆயிற்று.

ஜூன் 30, திங்கள்

குழுவில் ஊஞ்சல் பற்றி மட்டும் நானூற்றுச் சொச்சம் செய்தி. டைரக்டர் சொல்லி உட்காரவில்லையா, அவராகவே உட்காரவில்லையா என்று சண்டை. சுபிக்‌ஷா நேற்று ஒரு பக்கம் எழுதிப் போட்டாள். மலர் வாசித்துக் காட்டினாள். 'ராஜகோபி அப்பாவை யாரும் நம்மகிட்ட இருந்து எடுக்க முடியாது. அதுக்காக வந்தவரைத் தரையிலயே உக்கார வைக்கிறது நம்ம வீட்டுப் பழக்கம் இல்ல. போராட்டத்தை நிறுத்துவோம்.' பாதிப் பேர் அவளைத் துரோகி என்றார்கள். அசரவில்லை. ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லிப் பதில் எழுதினாள். சாயங்காலத்துக்குள் குழுவே திரும்பிவிட்டது. மிச்சமிருந்த தபால் கார்டுகளில் இப்போது ஒரே வரிதான் போகிறதாம்: 'நீங்க ஊஞ்சல்ல உக்காரலாம்.'

கோபத்தில் இருக்கும் பத்து வியாபாரிகளைச் சமாதானம் செய்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். இவள் பதினோராயிரம் பேரைத் திருப்பியிருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெட்டிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். அருள்தாஸ், இந்த ஏரியாவுக்குப் புதுசு. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு ஆட்கள் விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். மலர் இதுவரை போனிலேயே எல்லாம் அப்படியே இருக்கு என்று சமாளித்து வந்திருக்கிறாள். இந்த முறை இரண்டு நாள் ஏழரைக்கு டிவி ஓடவில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார்.

கையில் டேப். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். "ரெண்டு, மலர்விழி. மூணு, சுபிக்‌ஷா. ஒண்ணு, இளங்கோ, ஆண், வயசு நாப்பத்தெட்டு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார்தானே? கால்ல என்ன சார் ஆச்சு?"

நான் மாவுக்கட்டைப் பார்த்தேன்.

'ஆமா' என்ற ஒரு வார்த்தை போதும். வயதுகூடப் பொருத்தம்தான். அந்த ஆள் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். விளக்கு எரியும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. மலர் தரையைப் பார்த்தாள். சுபிக்‌ஷா சொம்பைப் பிடித்தபடி நின்றாள். இதைவிடப் பெரிய பொய்களை நான் முகம் மாறாமல் சொன்னவன்.

"இல்லீங்க," என்றேன். "இளங்கோ தவறிட்டாரு. ரெண்டரை வருஷம் ஆச்சு. நான் தவமணி. பின்னால வந்தவன்."

அருள்தாஸ் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அவரை எடுக்கணும் சார். எடுத்துட்டு ஒண்ணுல உங்களையே போட்டுடலாம். ஆணுக்கு ஆண், சுலபம்."

"வேணாம். ஒண்ணு காலியா இருக்கட்டும். அதுல யாரையும் போடாதீங்க. எனக்கு நாலு குடுங்க."

"ஒரு நம்பரைச் சும்மா விடுறதா? எல்லாரும் வரிசையாத்தான் கேப்பாங்க."

"விட முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"விடுங்க."

திரும்பிப் பார்த்தேன். சொம்பு மேஜையில் இருந்தது. அவள் இல்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஏழரைக்கு அவள் வரவில்லை. மலர் இரண்டை அமுக்கினாள். நான் நாலை அமுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"நீங்க ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விளக்கு எரிஞ்சிருக்கும்மா. ஆனா அது நானா இருந்திருப்பேன். உங்க அப்பாவா இருந்திருக்காது. தினம் ஏழரைக்கு அவரை எடுத்துட்டு என்னைப் போட்ட மாதிரி இருந்திருக்கும்."

கதவு நிலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே நின்றாள்.

"அவருக்கு இந்த சீரியல் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?" என்றாள். "கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பாரு. நான் பாக்குறேன்னுதான் உக்காருவாரு. அதுக்கு எதுக்குப்பா பட்டன் அமுக்குறன்னு கேப்பேன். 'உக்காந்திருக்கேன்ல, அது நெசந்தானே'ம்பாரு."

இளங்கோவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பழகியிருப்பேன். கடனுக்குக்கூடச் சரக்கு கொடுத்திருப்பேன்.

காபியில் சர்க்கரை தூக்கல். சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஏழரை. இரண்டு, மூன்று அமுக்கினாள். ஒன்றின் மேல் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது. அமுக்கவில்லை. ரிமோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நாலை நானே அமுக்கினேன். பெட்டியில் ஒன்றின் இடம் இருட்டாக, மற்ற மூன்றும் சிவப்பாக.

கிருபாகரன் இன்றும் தரையில்தான்.

ஜூலை 12, சனி

'பக்கெட் கடை' போய்விட்டது என்றாள் மலர். போனில் என் பெயர் இப்போது 'நாலாம் நம்பர்' என்று இருக்கிறதாம்.

"சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"பேர் எதுவா இருந்தா என்ன, போனை எடுத்தாச் சரி" என்றேன். மூட்டைக் கணக்கு எழுத வேண்டிய இந்தப் பக்கத்தில் இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. டைரியைப் பீரோவில் பூட்ட வேண்டும். பெட்டி விஷயம் வெளியே தெரியக் கூடாது.

ஜூலை 19, சனி

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. திங்கள் முதல் கடை. பழையபடி ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு என்று மேனேஜரிடம் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியுமே என்று. மலர் டிபன் கேரியரைத் தேய்த்து வைத்தாள். சுபிக்‌ஷா மட்டும் பொதுவாகச் சொன்னாள்: "திங்கக்கிழமை அவரு ஊஞ்சல்ல உக்காருவாருன்னு பேசிக்கிறாங்க."

ஜூலை 21, திங்கள்

கடையில் ஏறினதும் ஆறு வாரத்து வேலை மேலே விழுந்தது. விருதுநகர் பார்ட்டி, லாரி, உடைந்த மூடிகள். ஏழு மணிக்கு மேனேஜரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி விழுந்துவிட்டேனோ என்றுதான் இருந்தது. "கால் வலிக்குதுய்யா" என்றேன்.

தெற்குவாசல் பாலத்தில் பஸ் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. ஆட்டோ நகரவில்லை. ஏழு இருபத்தைந்து. ஏழரை. ஏழு முப்பத்திரண்டுக்குப் போன் சிணுங்கியது. சுபிக்‌ஷா. எனக்கு அவள் அனுப்பும் முதல் செய்தி.

'4 போட்டாச்சு.'

அவ்வளவுதான். ஆட்டோக்காரரிடம் சந்து வழியாகப் போகச் சொன்னேன். "கால் கட்டை இப்பத்தான் பிரிச்சேன்றீங்க, குலுங்கும் சார்" என்றார். குலுங்கட்டும் என்றேன்.

படியேறி உள்ளே நுழைந்தபோது ஏழு நாற்பத்தெட்டு. பெட்டியில் இரண்டு, மூன்று, நாலு. நடுவில் என் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் யாரும் துணிகூடப் போட்டு வைக்கவில்லை.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"உக்காந்துட்டாரா?"

சுபிக்‌ஷா திரும்பிப் பார்த்தாள். முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு நிமிஷமா நீங்கதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. என்னைக் கேக்குறீங்க?"

மலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அது தப்பும்மா. ஆள் இல்லாம அமுக்கக் கூடாது."

"தெரியும். இன்னைக்கு மட்டும். வர்ற வழியிலதான இருந்தீங்க?"

எடைக்கல்லில் ஈயம் வைத்தவனைத் துரத்தியவன் நான். உட்கார்ந்துவிட்டேன். விளம்பரம் முடிந்தது. திரையில் ஊஞ்சல், அதில் கிருபாகரன். ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். நடுவில் இல்லை. கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஊஞ்சல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் பார்க்காத பதினெட்டு நிமிஷமும் நான் பார்த்ததாக அந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கும். திருத்தச் சொல்லி எழுதப் போவதில்லை.

நாளைக்கு ஆறரைக்கே கடையிலிருந்து கிளம்ப வேண்டும்.